மெரிட்டின் அடக்கப் பிரசங்கம்

சிடார் மேடு, டெக்சாஸ்
1887 செப்டம்பர் 4

அன்புள்ள ஒர்லீனா அக்காவுக்கு,

நானும் ஆமோஸும் பிள்ளைகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுது. "எல்லாரும் நலம்" என்று நீ ஒரே வரியில் முடித்தால் யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றி ஊழியம் செய்த பழைய போதகர்களின் குடும்ப வரலாறுகளைச் சேர்த்து நம் சபையார் புத்தகம் போடுகிறார்கள். போதகர் தடியஸ் புரூவிட்டுக்கும் அவர் மனைவி கெசையாவுக்கும் பத்துப் பக்கமாம். மகள்தானே, நீயே எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆமோஸ் ஒரே கிண்டல். "ரொட்டியைக் கருக்காம சுடத் தெரியாதவ, புத்தகம் எழுதப் போறாளாக்கும்" என்கிறார்.

இங்கே மலையே கிடையாது அக்கா. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது வாசல்படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டியவரை புல்தான். அது அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. லாரல் ஓடை ஓடும் சத்தம், அப்புறம் ஆலைச் சக்கரம் சுற்றும் சத்தம். பக்கத்தில் ஓடையும் இல்லை, ஆலையும் இல்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வேன்.

நீ எழுத வேண்டியது: அப்பா அம்மாவை எப்படிப் பார்த்தார், எத்தனை வீடு மாறினோம், மெரிட் அண்ணன் விவரம். நம் மலையில் செத்தவரை அன்றைக்கே புதைத்துவிட்டு, வழி காய்ந்து உறவெல்லாம் கூடும்போது, சில சமயம் வருஷங்கள் கழித்து, அடக்கப் பிரசங்கம் வைப்பார்கள் என்று இங்குள்ளவர்களுக்காக எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு அதை யார் செய்தார்கள், எப்போது? எனக்கு ஞாபகம் வரவில்லை.

முதல் பக்கத்தில் இப்படி ஒரு வரி போட்டிருக்கிறேன்: "எங்கள் வீட்டில் காலை ஜெபத்தில் பிள்ளைகள் வாய்விட்டு ஜெபிப்பதில்லை, மனசுக்குள்தான் ஜெபிப்போம்." மற்றப் போதகர் வீடுகளில் அப்படி இல்லையே, நம் வீட்டில் மட்டும் ஏன்?

அம்மாவுக்கு முத்தங்கள்.
உன் டெல்ஃபி


லாரல் ஓடை, வட கரோலினா
அக்டோபர் 9

டெல்ஃபி கண்ணுக்கு,

தனித்தனியாகவே எழுதுகிறேன். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்தால் நின்றுவிடுகிறது. அம்மாவின் இருமல் பகலில் இல்லை. நான் நலம், பசு நலம், பசு மட்டும் என்னைவிடக் கொஞ்சம் பருமன்.

அப்பா ஒரு களஞ்சியத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாராம். கையைத் தூக்கிய வேகத்தில் மேல்சட்டை முதுகுப்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும் அவளிடம் போய், "சிரிச்சது நீதானே, அப்ப தைச்சுக் குடுக்க வேண்டியதும் நீதான்" என்றாராம். அம்மா இன்றைக்குக் கேட்டாலும் அந்தச் சட்டையின் நிறத்தைச் சொல்வாள்.

பதினாறு வருஷத்தில் ஒன்பது வீடு. சபையார் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனார்கள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் அம்மா அதே நீலத் திரையை வெட்டி வெட்டித் தைத்தாள். இந்த வீட்டுக்கு வரும்போது அது கைத்துண்டு அளவுக்கு ஆகியிருந்தது. இன்னொன்றையும் எழுது. அடிமை வைத்திருந்தவர்கள் வீட்டு மேஜையிலும் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார், அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பிரசங்கம் பண்ணவில்லை. நல்லவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

மெரிட் 1864 ஜனவரி 19 அன்று இறந்தான். அது போதும்.

வாய்விட்டு ஜெபிக்காததற்குக் காரணம் அப்பாவின் தலைவலி. சத்தம் ஆகாது அவருக்கு.

அம்மா இப்போதெல்லாம் பாதி நேரம் வேறு எங்கோ இருக்கிறாள். அடுப்பைப் பார்த்தபடி, "மெரிட்டுக்கு இன்னும் பிரசங்கம் ஆகலையே, நான் கண்ணை மூடறதுக்குள்ள வெச்சுடணும்டி" என்கிறாள். தினம் இதே பேச்சு. பார்க்கலாம் அம்மா என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பிள்ளைகளுக்கு உலர்ந்த ஆப்பிள் அனுப்பியிருக்கிறேன்.
அக்கா ஒர்லீனா


சிடார் மேடு
நவம்பர் 20

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம், சின்னவனுக்கு மட்டும் பல் முளைக்கிறது, வீடே விழித்திருக்கிறது. ஆப்பிள் வந்து சேர்ந்த அன்றே தீர்ந்தது. சட்டை கிழிந்த கதையைப் படித்து ஆமோஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆனால் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறாய். பள்ளத்தாக்கில் குடிகாரனுக்கும் குதிரைத் திருடனுக்கும்கூட அடக்கப் பிரசங்கம் செய்த அப்பா, சொந்த மகனுக்குச் செய்யவில்லை. அண்ணன் படையை விட்டு ஓடி வந்தவன், அப்பாவுக்கு அவமானம் என்று ஊர் பேசியது எனக்கும் தெரியும். சந்தைக்குப் போனால் என் காதுபடவே பேசுவார்கள். அப்பா ஒரு நாளும் மறுக்கவில்லை. அதை நான் எப்படி எழுதுவேன்? உண்மையில் அவருக்கு அவமானமா?

அம்மாவின் ஆசையை ஏன் தள்ளிப்போடுகிறாய்? எழுபது வயதுக்குப் பக்கம் வந்துவிட்டாள். தேதி வை, நான் வருகிறேன். நாலு நாள் ரயில், ஒரு நாள் வண்டி, அவ்வளவுதானே. பிள்ளைகளை நாத்தனார் பார்த்துக்கொள்வாள்.

பதிலை எதிர்பார்க்கும்
டெல்ஃபி


லாரல் ஓடை
டிசம்பர் 12

மதிப்புக்குரிய போதகர் ஸ்லோன் அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். புதுக் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீங்கள் வந்திருந்தபோது அம்மா என்னை விறகு எடுக்க அனுப்பிவிட்டு உங்களிடம் மெரிட்டின் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறாள், நீங்களும் மே மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். இந்த ஊருக்கு நீங்கள் புதிது. செத்தவர் எப்படிச் செத்தார் என்று போதகர் வாயால் சொல்லாவிட்டால் இங்கே அது அடக்கப் பிரசங்கமே ஆகாது. அதனால்தான் என் அப்பா இதைச் செய்யவில்லை. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு எரித்துவிடுங்கள்.

மெரிட்டுக்குப் பத்தொன்பது வயது. உள்நாட்டுப் போர் முடியுமுன்பே படையிலிருந்து நடந்தே வந்துவிட்டான். மூன்று வாரம் ஓடைக்கரை மாவு ஆலையின் மேல்தட்டில் உமிக்கு நடுவே கிடந்தான். ரொட்டி கொண்டுபோவது என் வேலை. ஒரு நாள் ஐந்து வயது டெல்ஃபி என் பின்னாலேயே வந்து அவனைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன், தலையாட்டினாள். அவள் எந்த மனிதரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 19 காலை, படையை விட்டு ஓடியவர்களைத் தேடிப் பிடிக்கும் ஊர்க்காவல் படையினர் நாலு பேர் விசாரிக்க வந்தார்கள். எங்கள் ஜெப நேரம். வீட்டில் யார் இருந்தாலும் ஜெபத்தில் சேர்ந்துகொள்வது வழக்கம், அன்றைக்கு மட்டும் வேண்டாமென்றால் சந்தேகப்படுவார்கள். துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்களும் முழங்காலிட்டார்கள். அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "கடவுள்கிட்ட பொத்தாம்பொதுவாக் கேக்கக்கூடாது. பேரைச் சொல்லி, இடத்தைச் சொல்லிக் கேக்கணும்." ஒவ்வொருவராக ஜெபித்து டெல்ஃபியின் முறை வந்தது.

"ஆண்டவரே, ஆலை மேல இருக்கற மெரிட் அண்ணனுக்குக் குளிராம பாத்துக்கோங்க."

அதற்குப் பின் அப்பாவின் முறை. அவர் ஜெபத்தை முடிக்கவே இல்லை. கால் மணி நேரம், அதற்கும் மேலே, தெரிந்த ஊர் பேரெல்லாம் சொல்லி ஜெபித்துக்கொண்டே இருந்தார். ஆமென் வரும்வரை அவர்களும் எழுந்திருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் நழுவி ஓடிப்போய் மெரிட்டை எச்சரித்திருக்கலாம். பின்வாசல் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்த நால்வரில் ஒருவன், ஹோபர்ட் லைல், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், நான் அப்படியே உறைந்துவிட்டேன்.

வெடிச்சத்தம் வீட்டுக்குக் கேட்டது. மெரிட்டைப் புதைத்துவிட்டு வந்ததும் அப்பா அம்மாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினார். டெல்ஃபி காதுக்கு இது போகவே கூடாது. மகனை நினைத்து வெட்கப்படுகிறார் என்று ஊர் பேசியதைப் பதினேழு வருஷம், சாகும்வரை, பொறுத்துக்கொண்டார். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது, சத்தியத்தை மறந்துவிட்டாள். நீங்கள்தான் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட வேண்டும்.

ஒர்லீனா புரூவிட்


மேல்வெளி
1888 ஜனவரி 15

சகோதரி ஒர்லீனாவுக்கு,

தங்களுக்கும் தாயாருக்கும் சுகம் உண்டாவதாக. கடிதத்தை எரித்துவிட்டேன்.

என்னால் பொய் சொல்ல முடியாது, ஆனால் சிலவற்றைச் சொல்லாமல் விட முடியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தாயார் அந்தப் பிரசங்கத்தைப் பற்றி ஹோபர்ட் லைலிடமும் சொல்லியிருக்கிறார். கிழவர் என்னிடம் வந்து அழுதார். "அன்னிக்கு நான் எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் சொல்லிடுவேன் போதகரே, இல்லாட்டி எனக்குச் சாவே வராது" என்கிறார். சபையில் சாட்சி சொல்ல எழுகிறவரை உட்கார வைக்க எனக்கு அதிகாரமில்லை.

இன்னொன்று. தாயாருக்கு ஞாபகம் தப்புகிறது என்கிறீர்கள். என்னிடம் பேசியபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கையிடம் நீங்களே முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது.

தங்கள் ஊழியன்
விட்ஃபீல்ட் ஸ்லோன்


லாரல் ஓடை
பிப்ரவரி 6

டெல்ஃபிக்கு,

எல்லாரும் நலம்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு பிரசங்கம். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். நீ வர வேண்டாம். பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, வண்டி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பல் முளைக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவள் ஒரு தாயா? நடப்பதையெல்லாம் நான் விவரமாக எழுதுகிறேன், உன் புத்தகத்துக்கு அது போதும். சொன்னால் கேள், இந்த ஒரு தடவையாவது.

அக்கா


சிடார் மேடு
ஏப்ரல் 2

என் அக்காவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இங்கே எல்லோரும் சுகம். வாசல்வரை நீலப் பூ பூத்துக் கிடக்கிறது, பிள்ளைகள் அதில் படுத்து உருள்கிறார்கள்.

நீ "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ எதை ஒளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. எப்போதுமே தெரியும்.

அன்று காலை தரை சில்லென்று இருந்தது. முழங்காலில் இருந்தபடி பலகை இடுக்கில் கிடந்த ஒரு சோளமணியை விரலால் நோண்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது, பேரும் இடமும் சொன்னேன். எதிரே இருந்த ஆள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், அப்பா ஜெபித்துக்கொண்டே போனார், எனக்குத் தூக்கம் வந்தது. ஆமென் சொன்னதும் அந்த ஆள் போகிறபோக்கில் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். சத்தம் கேட்டபோது கடவுள்தான் கதவைத் தட்டுகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதைக் கடவுள் போய் அவர்களிடம் சொல்லிவிட்டார் என்று அவர்மேல்தான் எனக்குக் கோபம். ஒன்பது வயதில் ஒரு நாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கடவுள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அப்போது புரிந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அப்பா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "என்னடா தங்கம், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயம் இருந்தது. ஒன்றுமில்லை அப்பா என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அவருக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரியாது என்பதற்காகத்தான் அவர் ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டார். அவர் பட்டதெல்லாம் வீணாகிவிடக்கூடாது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகாவது நீ சொல்வாய் என்று பார்த்தேன். ஆறு வருஷம் பார்த்தேன். இந்தப் புத்தக வேலை வந்ததும் வேண்டுமென்றேதான் ஜெபத்தைப் பற்றியும் பிரசங்கத்தைப் பற்றியும் கேட்டேன். நீ தலைவலி என்று எழுதினாய். அப்பாவுக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது.

நான் வருகிறேன். பாலம் இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கி வருவேன்.

டெல்ஃபி


லாரல் ஓடை
ஏப்ரல் 17

டெல்ஃபி கண்ணு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று கை வரவில்லை. பாலம் அப்படியேதான் இருக்கிறது. ஹோபர்ட் லைல் அன்று எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறார், அதற்குப் பயந்துதான் வராதே என்றேன். இனி பயமில்லை. வா.

பின்வாசல் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் ஓடியிருக்கலாம். இதை நீ வந்த பிறகு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

ஒர்லீனா


சிடார் மேடு
மே 30

என் அருமை அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சின்னவன் என்னை அடையாளம் தெரியாமல் நாத்தனார் பின்னால் ஒளிந்தான், ஒரு மணி நேரம் கழித்து இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்றான். உன் முழங்காலுக்கு ஆமோஸ் ஒரு தைலம் அனுப்புகிறார். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்.

பின்வாசலைப் பற்றி நீ எழுதியதற்கு நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குப் பதினாறு வயது. ஓடியிருந்தால் உன்னையும் சுட்டிருப்பார்கள். எனக்கு ரொட்டி கொடுக்க அக்காவும் இருந்திருக்கமாட்டாள்.

புத்தகத்துக்கான பக்கங்களை அனுப்பிவிட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது, என் பேரும் வயதும் சேர்த்து. கிழவர் லைல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றதையும், அவர் பேசி முடிக்கும்வரை கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லாததையும் எழுதினேன். அப்பாவுக்கு அவமானம் இல்லை என்று போதகர் ஸ்லோன் சொன்னபோது நீ என் கையை நசுக்கியதை எழுதவில்லை. விரல் இன்னும் வலிக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிரசங்கம் முடிந்து எல்லோரும் மரத்தடியில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்களே, நீ கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாய். அம்மா வண்டியிலேயே இருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். வேறு எங்கோ இருக்கிறாள் என்று நீ எழுதினாயே, முகத்தில் அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். மேகம் இறங்கிப் பாதி மலை இல்லாமல் போயிருந்தது.

"இந்தப் பிரசங்கம் மெரிட்டுக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அவன் ஆண்டவர்கிட்ட போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு. நான் உன்னை வரவெக்கத்தான் இதைக் கேட்டேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை மன்னிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து, "அம்மா, எனக்குத் தெரியும்மா" என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டி நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. நான் சொல்ல வந்தது அது இல்ல. அவன் போனப்புறம் ஒரு வருஷம் என்னால உன் முகத்தைப் பாக்க முடியல. உன்னைத் தொட முடியல. நீ கிட்ட வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். அஞ்சு வயசுப் பிள்ளை. சீப்பை எடுத்துட்டு வந்து நிப்பே, ஒர்லீனாகிட்டப் போன்னு விரட்டுவேன். உங்கப்பாகிட்டகூட இதை நான் சொன்னதில்ல. என்னை மன்னிச்சுடு."

அந்த வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. நீதான் எனக்குத் தலைபின்னிவிட்டாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீ சொன்னாய், நான் நம்பினேன். எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் போட்டேன், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சீப்பு இல்லை. விரலாலேயே கோதினாள். இரண்டு தடவை தப்பாகப் போட்டு அவிழ்த்தாள். கீழே நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் அவசரப்படவே இல்லை.

அப்புறம் நான் கோணல் பின்னலோடு இறங்கி வந்ததைப் பார்த்து, "என்னடி இது கோலம், முப்பது வயசுல" என்று நீ எல்லோர் முன்னாலும் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன்.

நாலு நாள் ரயிலில் அதை அவிழ்க்கவில்லை. ஊர் வந்து சேர்ந்தும் அவிழ்க்கவில்லை. நேற்று ஆமோஸ் மெதுவாக, தலையை அலச வேண்டாமா என்று கேட்டார். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்றேன்.

அம்மாவிடம் இதைச் சொல்.

உன் டெல்ஃபி